சைக்கிள் சங்கங்களின் கொடை எங்கே போய்ச் சேர வேண்டும்?

ஒரே தொழிலாலோ ஒரே விருப்பத்தாலோ ஒன்று கூடிய மனிதர்கள் தங்கள் பொதுப் பணத்திலிருந்து தர்மம் செய்ய முற்படும்போது, அந்தத் தர்மம் அவர்களை ஒன்று கூட்டிய விஷயத்தைச் சார்ந்ததாகவே இருக்க வேண்டுமா, அன்றி எங்கே துன்பம் மிகுதியோ அங்கே போய்ச் சேர வேண்டுமா என்ற கேள்வி, சைக்கிள் என்னும் வாகனம் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே எழுந்து, பலவாறாக விடை கூறப்பட்டு, இன்றளவும் முடிவு காணாமல் இருந்து வருவது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் முதலான வணிகக் குழுவினர் தங்கள் வருவாயில் ஒரு பங்கைக் கோயிலுக்கும் குளத்துக்கும் எழுதி வைத்ததைக் கல்வெட்டுகள் கூறுகின்றன. அந்தக் குளத்தில் வணிகரும் நீர் அருந்தினர், வழிப்போக்கரும் அருந்தினர் என்பதால், அது சுயநலமா பரநலமா என்று பிரித்துச் சொல்வது அன்றும் எளிதாக இருந்திராது.

திருவனந்தபுரத்தில் இக்கேள்விக்கு ஒரு தனிச் சரித்திரமே உண்டு. அந்நகரைத் தலைநகராகக் கொண்டிருந்த திருவிதாங்கூருக்குத் தர்மபூமி என்று வழங்கி வந்த பெயரைத்தான், லண்டன் மிஷனைச் சேர்ந்த சாமுவேல் மட்டீர் 1871இல் அந்நாட்டைப் பற்றி வெளியிட்ட ஆங்கில நூலுக்குத் தலைப்பாக வைத்தார். அதே தர்மபூமியில் சர்க்கார் செலவில் நடந்த ஊட்டுப்புரைகள் பிராமணருக்கே அன்னமிட்டு வந்தன என்ற ஆட்சேபணை நெடுங்காலம் ஒலித்தது. தன்னைச் சேர்ந்தாருக்கே கொடுப்பவனின் கொடையைத் தர்மம் என்று சொல்லலாமா என்று அன்று எழுந்த கேள்விக்கும், சைக்கிளோட்டிகள் சைக்கிள் சார்ந்த காரியங்களுக்கே பணம் ஒதுக்குவது தகுமா என்று இன்று எழும் கேள்விக்கும் இடையே உறவு இல்லாமல் இல்லை. ஒரு பெரிய வேறுபாடும் உண்டு. ஊட்டுப்புரையில் உண்டவர் யார் என்பதைப் பிறப்பு தீர்மானித்தது. சைக்கிள் ஏறுபவர் யார் என்பதைப் பிறப்பு தீர்மானிப்பதில்லை. எவ்விதமாயினும், விடியற்காலையில் கவடியார் சாலையிலும் சங்குமுகத்தை ஒட்டிய கடற்கரைச் சாலையிலும் தலைக்கவசம் அணிந்து செல்லும் கூட்டத்தாரிடையே ஓர் ஐம்பதாயிரம் ரூபாய் வண்டி வியப்புக்குரிய பொருளன்று; தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைக்கு அரசு கொடுக்கும் வண்டியின் விலையோ ஐயாயிரத்தை ஒட்டியது. இவ்விரண்டையும் சைக்கிள் என்ற ஒரே சொல்லால் குறிக்கிறோம் என்பதே, இதில் கொடையைப் பற்றிய கேள்வி எழுவதற்குப் போதிய காரணம்.

இக்கேள்விக்கு இதுவரை கூறப்பட்ட விடைகளை நான்கு கட்சிகளாகப் பகுத்துக் காணலாம். அவை ஒன்றையொன்று முற்றும் மறுப்பவை அல்ல. ஒரே சங்கம் ஒரே ஆண்டில் நான்கையும் கைக்கொள்வதும் உண்டு.

துன்பம் எங்கே, தர்மம் அங்கே

முதற் கட்சியாருக்குச் சைக்கிள் ஒரு கருவி மாத்திரமே. சவாரி செய்து பணம் திரட்டி, அதைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கோ வெள்ள நிவாரணத்துக்கோ கொடுத்துவிட வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் குறுக்கே 1980 முதல் நடந்து வரும் பான்-மாஸ் சேலஞ்ச் என்னும் சவாரி புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பெருநிதி திரட்டித் தருவது இவ்வழிக்குப் பிரசித்தமான உதாரணம். இக்கட்சிக்குத் தத்துவ பலம் அளித்தவர் ஆஸ்திரேலிய அறிஞர் பீட்டர் சிங்கர். கிழக்கு வங்காள அகதிகளின் துயரை முன்னிட்டு அவர் 1972இல் வெளியிட்ட கட்டுரை, கொடுப்பவனுக்கு அருகில் இருப்பதோ அவன் விருப்பத்துக்கு உகந்ததாக இருப்பதோ தர்மத்துக்கு அளவுகோலாகாது என்று வாதிட்டது. அந்த வாதத்தை அப்படியே ஏற்றால், உயிர் காக்கும் மருந்துக்குப் போகக்கூடிய பணத்தைச் சைக்கிள் வாங்கச் செலவிடுவதை நியாயப்படுத்துவது மிகக் கடினம்.

2018 ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியபோது, திருவனந்தபுரத்துக் கடற்கரை மீனவர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு வடக்கே போய் மக்களை மீட்டார்கள். அத்தகைய வேளையில், நாங்கள் சைக்கிள் காரியத்துக்கே கொடுப்போம் என்று ஒரு சங்கம் சொல்லியிருந்தால் அதை யாரும் மன்னித்திருக்க மாட்டார்கள். ஆனால் இந்தச் சம்பவமே எதிர்க்கட்சிக்கும் சாட்சி சொல்கிறது என்பதை மறக்கலாகாது: மீனவர்கள் அன்று கொடுத்தது பணத்தையன்று, தங்களிடம் இருந்த, பிறரிடம் இல்லாத படகையும் கடலறிவையும். தமக்கே உரிய திறமையை ஒதுக்கி வைத்துவிட்டுச் சில ஆயிரம் ரூபாயைப் பெரிய நிவாரண நிதி ஒன்றில் கரைத்துவிடும் சங்கம், தன்னால் மட்டுமே செய்யக்கூடிய உபகாரத்தைச் செய்யாமல் விட்டதாகவும் ஆகலாம். முதற் கட்சியின் பலவீனம் இதுதான். பணத்தை அது நன்றாக அளக்கிறது, திறமையை அளப்பதற்கு அதனிடம் படி இல்லை.

இங்கே ஒன்றை இடைப்பிறவரலாகச் சொல்லலாம். மலையாள நாட்டில் சைக்கிள் யக்ஞம் என்றும் தமிழ்நாட்டில் சைக்கிள் சுற்றுதல் என்றும் ஒரு வித்தை முன்பு ஊருக்கு ஊர் நடந்தது. ஊர்ப் பொட்டலில் ஒருவன் பல நாட்கள் இறங்காமல் சைக்கிளிலேயே உண்டு, குளித்து, சுற்றி வருவான், இரவில் பாட்டும் கூத்தும் நடக்கும், ஊரார் சில்லறை போடுவார்கள். சைக்கிளோட்டி என்பவன் அன்று தர்மம் வாங்குபவனாக இருந்தான். அவன் கொடுப்பவனாக மாறியது, இந்நாட்டில் சைக்கிளின் சமூக அந்தஸ்து எவ்வளவு புரண்டுவிட்டது என்பதற்கு அடையாளம்.

வண்டியைக் கொடுப்போர்

இரண்டாம் கட்சியே மிகப் பழகியதும், மிகுதியாகப் பரிசோதிக்கப்பட்டதும் ஆகும். நடந்து போகிறவனுக்குச் சைக்கிள் கிடைத்தால் அவன் நாளில் சில மணி நேரம் மிச்சமாகும், அந்த நேரத்தில் அவன் படிப்பான் அல்லது சம்பாதிப்பான் என்னும் எளிய யுக்தியில் அது நிற்கிறது. ஈக்குவடாரில் தொண்டாற்றித் திரும்பிய டேவிட் ஷ்வைடன்பாக் என்பவர் 1991இல் நியூஜெர்ஸியில் தொடங்கிய ஸ்தாபனமும், 1997இல் இங்கிலாந்தில் தோன்றிய ரீ-சைக்கிள் என்னும் ஸ்தாபனமும் செல்வ நாடுகளில் மூலையில் கிடந்த பழைய வண்டிகளைச் சேர்த்துக் கப்பலேற்றி ஏழை நாடுகளுக்கு அனுப்பின. பழைய வண்டிக்கு உதிரிப்பாகம் உள்ளூரில் கிடைக்குமா, இலவச இறக்குமதி உள்ளூர்க் கடைக்காரனைக் கெடுக்காதா என்ற ஆட்சேபணைகள் அவற்றுக்கு எதிராக எழுந்தன. அவற்றைச் சமாளிக்க, வண்டிகளை இலவசமாக அன்றிக் குறைந்த விலைக்குக் கொடுப்பதும், உள்ளூர் வேலைக்காரருக்குப் பயிற்சி அளிப்பதும் வழக்கமாயின.

தமிழருக்கு மிக நெருங்கிய உதாரணம் கடலுக்கு அப்பால் இருக்கிறது. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பின், சைக்கிள் உதிரிப்பாகம் செய்யும் ஸ்ராம் கம்பெனியை நிறுவியவருள் ஒருவரான எஃப்.கே. டேயும் அவர் மனைவியும் 2005இல் வேர்ல்ட் பைசிக்கிள் ரிலீஃப் என்னும் ஸ்தாபனத்தை ஏற்படுத்தி, இலங்கையில் பிழைப்பிழந்தவர்களுக்கு 24,000க்கு மேற்பட்ட வண்டிகளை வழங்கினர். சைக்கிள் தொழிலில் சம்பாதித்தவர் சைக்கிளாகவே கொடுத்த இந்நிகழ்ச்சி நம் கேள்விக்கு நேரான சான்று. பின்பு அந்த ஸ்தாபனம் ஆப்பிரிக்காவுக்குச் சென்று, கரடுமுரடான பாதைக்கென்றே எருமை என்று பொருள்படும் பெயர் கொண்ட கனத்த வண்டி ஒன்றை வடிவமைத்தது. போருக்குப் பிந்திய வன்னியிலும், புலம்பெயர்ந்த தமிழரின் ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் துவிச்சக்கரவண்டி வழங்குவது ஏறக்குறைய ஒரு சடங்காகவே நிலைபெற்றுவிட்டது. கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் கொடையாளிக்குத் தன் பணம் எந்தப் பிள்ளையின் கையில் ஹாண்டில்பாராக நிற்கிறது என்பது புகைப்படத்தில் தெரிகிறது. இக்கொடை பிரபலமானதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம். சில விழாப் படங்களில் வண்டியைவிடப் பதாகை பெரிதாக இருப்பதைக் காண்பவர், கொடுக்கப்படுவது எது என்று சற்றே குழம்பக்கூடும்.

அரசாங்கங்கள் இத்துறையில் இறங்கியபின் சங்கங்களின் கொடை அளவில் மிகச் சிறியதாகிவிட்டது. தமிழ்நாட்டில் 2001–02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கெனத் தொடங்கிய விலையில்லாச் சைக்கிள் திட்டம், சில ஆண்டுகளிலேயே அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பதினோராம் வகுப்பு மாணவ மாணவியர் அனைவருக்குமாக விரிந்தது. 2022இல் வழங்கத் தொடங்கிய ஒரு தவணைக்கு மட்டும் சுமார் 6.35 லட்சம் வண்டிகளுக்கு 323 கோடி ரூபாய் ஆயிற்று. பீகாரில் 2006 முதல் ஒன்பதாம் வகுப்பில் சேரும் பெண்ணுக்குச் சைக்கிள் வாங்க 2,000 ரூபாய் ரொக்கமாகக் கொடுத்தனர். இத்திட்டத்தை அண்டை மாநிலமாகிய ஜார்க்கண்டோடு ஒப்பிட்டுக் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் 2017இல் வெளியிட்ட ஆய்வு, பெண்கள் உரிய வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேர்வது 32 சதவீதம் உயர்ந்ததாகவும், ஆண் பெண் இடைவெளி 40 சதவீதம் குறைந்ததாகவும் கண்டது. ஸாம்பியாவில், குலுக்கல் முறையில் தேர்ந்த பள்ளிகளின் மாணவியருக்கு மேற்சொன்ன எருமைச் சைக்கிளைக் கொடுத்து நடத்திய சோதனையில், பள்ளிக்குச் செல்லும் நேரம் சுமார் 35 சதவீதமும் பள்ளிக்கு வராத நாட்கள் சுமார் 27 சதவீதமும் குறைந்தன. தர்ம காரியங்களில் இவ்வளவு துல்லியமான சான்று கிடைப்பது அபூர்வம். ஆகையால் இரண்டாம் கட்சியார் இவ்வெண்களை அடிக்கடி எடுத்துக் காட்டுவதில் வியப்பில்லை.

ஆனால் அவ்வெண்கள் எந்த மண்ணில் விளைந்தவை என்று கேட்பது அவசியம். பீகாரில் பலன் பெரும்பாலும் உயர்நிலைப் பள்ளிக்கு மூன்று கிலோமீட்டரோ அதற்கு மேலோ தள்ளியிருந்த கிராமங்களில்தான் தோன்றியது என்று அதே ஆய்வு சொல்கிறது. பீகார் சமவெளி, கேரளமோ ஊர் எங்கே முடிந்து அடுத்த ஊர் எங்கே தொடங்குகிறது என்று தெரியாதபடி வீடுகளும், அவற்றுக்கு நடுவே அடுத்தடுத்துப் பள்ளிகளும் அமைந்த தேசம். ஏழு குன்றுகளின் மேல் அமைந்தது என்று சொல்லப்படும் திருவனந்தபுரத்தில், கியரில்லாத கனத்த வண்டியோடு ஏற்றத்தில் இறங்கித் தள்ளிச் செல்லும் பிள்ளைக்கு மிச்சமாகும் நேரம் எவ்வளவு என்பது பீகாரில் கண்ட கணக்கால் விளங்காது. இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையும் துலா மழை என்னும் வடகிழக்குப் பருவமழையும் ஆண்டில் பல மாதங்களைக் கவர்ந்துகொள்ள, உப்புக் காற்று செயினையும் ரிம்மையும் தின்ன, இலவச வண்டியின் ஆயுள் இங்கே குறுகும். 2011ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி இந்தியக் குடும்பங்களில் 44.8 சதவீதம் சைக்கிள் உடையவை. கேரளம் அச்சராசரிக்கு வெகு கீழே நின்றது. சைக்கிள் குறைவாக இருக்கும் ஊரில் சைக்கிள் கொடுப்பது தேவையான தர்மம் என்றும் இதை வாசிக்கலாம், இவ்வூரார் வேறு காரணங்களால் சைக்கிளை விட்டவர்கள் என்றும் வாசிக்கலாம். இரண்டாவது வாசிப்பே உண்மைக்கு நெருங்கியதாகத் தோன்றுகிறது.

இதற்கு விலக்கான இடங்கள் மாவட்டத்துக்குள்ளேயே உண்டு. விதுரா, குற்றிச்சல் முதலான மலையோரப் பஞ்சாயத்துகளில் காணிக்காரர் என்னும் பழங்குடியினரின் குடியிருப்புகள் பள்ளிக்கும் பஸ்ஸுக்கும் தொலைவிலேயே இருக்கின்றன. ஆயினும் அங்கே வழி செங்குத்தானது, யானை நடமாட்டமும் உள்ளது. கடற்கரையிலோ தரை சமமானது, தேவை வேறு: தலையில் மீன்கூடை சுமந்து பஸ்ஸில் இடம் மறுக்கப்பட்டு வந்த மீன் விற்கும் பெண்களுக்காக 2021இல் கேரள அரசு சமுத்ரா என்ற பெயரில் இலவச பஸ்களை ஓட்டத் தொடங்கியது. அப்பெண்களுக்குச் சைக்கிள் கொடுக்கலாம் என்று ஒரு சங்கம் எண்ணுமானால், கூடையின் எடையையும் ஓடும் தூரத்தையும் அவர்களையே கேட்டறிந்த பின்பு எண்ணுவது உசிதம். மேலும், 1996இல் தொடங்கிய மக்கள் திட்டத்துக்குப் பின் கேரளத்தில் உள்ளாட்சிகளே தங்கள் திட்டப் பணத்திலிருந்து பட்டியல் சாதி மாணவியர் முதலியோருக்குச் சைக்கிள் வழங்குவதுண்டு; சங்கத்தின் பத்து வண்டிகள் அவற்றோடு சேர்ந்து பன்மடங்காகுமா, அவை செய்வதையே மறுபடி செய்து ஓயுமா என்பது, பஞ்சாயத்து அலுவலகத்தில் ஒரு பிற்பகல் செலவிட்டால் தெரிந்துவிடும் விஷயம்.

கற்றுக் கொடுப்போர்

மூன்றாம் கட்சியார் பொருளைவிட வித்தையைப் பெரிதாகக் கருதுகிறவர்கள். இதன் மகத்தான உதாரணம் தமிழ்நாட்டுக்குரியது. 1991இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டுதலையும் சேர்த்தார். எழுத்துக் கற்பிக்கச் செல்லும் பெண் தொண்டருக்கு நகரும் சுதந்திரம் இல்லாமல் இயக்கம் நகராது என்பது அதன் நியாயம். கல்லுடைக்கும் பெண்களும் வயல் வேலைக்காரிகளும் அங்கன்வாடி ஊழியரும் ஆயிரக்கணக்கில் பயின்றனர்; பெண்கள் சைக்கிள் கடைகளில் தீர்ந்துபோக, குறுக்குக் கம்பி உள்ள ஆண்கள் சைக்கிளையே வாங்கி ஏறினர். வங்கிக் கடன் வழியாகப் பெண்கள் வண்டி வாங்க ஏற்பாடாயிற்று. இதைப் பதிவு செய்த பத்திரிகையாளர் பி. சாய்நாத்தின் 1996ஆம் ஆண்டு நூல், பொது நிகழ்ச்சிகளில் தங்கள் திறமையைக் காட்டிய பெண்கள் 70,000க்கு மேற்பட்டவர் என்று கூறுகிறது. இங்கே கவனிக்க வேண்டியது, வண்டி பெரும்பாலும் இனாமாகக் கொடுக்கப்படவில்லை என்பதே. கற்றவள் தானே தேடி வாங்கினாள்.

சைக்கிள் ஒரு பெண்ணுக்குக் கைக்கெட்டாமல் இருப்பதற்குப் பணமில்லாமை மட்டும் காரணமன்று, வெட்கமும் வழக்கமும் பயமும் காரணம் என்று கொண்டால், திருவனந்தபுரத்துக்கு இக்கட்சி பொருந்துவதைக் காணலாம். எழுத்தறிவில் தலைசிறந்து நிற்கும் இம்மாநிலத்தில் பெண்கள் சைக்கிள் ஏறுவது எழுத்தறிவுக்கு இணையாக வளரவில்லை. ஆம்ஸ்டர்டாமிலிருந்து இயங்கும் பைக்ஸ் என்னும் ஸ்தாபனம் உலக நகரங்களில் சைக்கிள் மேயர் என்ற கௌரவப் பதவியை ஏற்படுத்தியபோது, திருவனந்தபுரத்துக்கும் ஒருவர் அமைந்தார். இண்டஸ் சைக்கிளிங் எம்பசி என்னும் உள்ளூர் அமைப்பு ஷீ சைக்கிளிங் என்ற பெயரில் வயது வந்த பெண்களுக்குச் சைக்கிள் பழக்கும் இயக்கத்தை நடத்தி வருகிறது. நாற்பது வயதில் முதன்முறையாகப் பெடலை மிதிப்பவளுக்குப் பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓட ஓர் ஆள் வேண்டும்; அந்த ஆளைப் பணம் கொடுத்து அமர்த்துவதைவிடச் சங்கத்தின் உறுப்பினரே அவ்வாளாக அமைவது எளிது. ஐம்பதாயிரம் ரூபாய் வண்டிக்காரரிடம் உள்ள கொடைப் பொருள்களில் இதுவே மலிவானதும் மாற்றுக் கிடைக்காததும் எனலாம்.

வித்தை என்பதில் பழுது பார்த்தலும் அடங்கும். 1984இல் தோன்றி நிகராகுவாவுக்கு வண்டிகளை அனுப்பிய, பாஸ்டனைச் சேர்ந்த ஓர் இயக்கம், பின்பு தன் ஊர்ச் சிறுவர் பழைய வண்டியைத் தாமே பழுது நீக்கி அதையே சொந்தமாக்கிக்கொள்ளும் வகுப்புகளை நடத்தியது. தென்னாப்பிரிக்காவில் 2005இல் எழுந்த குபேகா என்னும் ஸ்தாபனம், மரம் நட்டோ பள்ளியில் முன்னேறியோ சைக்கிளைச் சம்பாதிக்கும்படி செய்தது. இனாம் பெற்றவன் மதிக்க மாட்டான், உழைத்துப் பெற்றவன் மதிப்பான் என்னும் சித்தாந்தம் இதன் அடியில் கிடக்கிறது. கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் பீகாரில் இத்தகைய உழைப்பு எதுவுமின்றிப் பெற்ற பெண்கள் வண்டியை நன்றாகவே பயன்படுத்தினார்கள் என்பதைப் பார்க்கும்போது, ஏழையிடம் மட்டும் இந்தச் சோதனையை வைப்பது நியாயமா என்ற ஐயம் நீங்குவதில்லை.

மூன்றாம் கட்சியின் குறை வேறிடத்தில் உள்ளது. புதுக்கோட்டையில் ஒரு கலெக்டரும், பெரியதொரு தொண்டர் படையும், ஒரு ஜில்லா முழுவதன் உற்சாகமும் கூடியிருந்தன. ஒரு நகரச் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமை வகுப்பிலிருந்து அதே பலனை எதிர்பார்க்க முடியாது. வகுப்புக்கு வர ஓய்வுள்ளவளே வருவாள். வீட்டு வேலைக்குப் போகிறவளுக்கு ஞாயிறும் வேலைநாள். எத்தனை பேர் பழகினர் என்பதை எண்ணலாம், பழகியவருள் எத்தனை பேர் ஓராண்டுக்குப் பின்னும் ஓட்டுகிறார்கள் என்பதை எண்ணுவது சிரமம். சைக்கிள் கொடுத்தலைப் பற்றிக் கிடைக்கும் சான்றின் வலிமை, சைக்கிள் கற்பித்தலைப் பற்றிய சான்றுக்கு இல்லை.

சாலையைக் கேட்போர்

வண்டியும் கிடைத்து, ஓட்டவும் தெரிந்த பின், எங்கே ஓட்டுவது? நான்காம் கட்சி இங்கே தோன்றுகிறது. சரித்திரப்படி பார்த்தால் சைக்கிள் சங்கங்களின் மிகப் பழைய பொதுப்பணி இதுவே. 1878இல் இங்கிலாந்தில் ஹாரகேட் நகரில் பிறந்து, பின்பு சைக்கிள் சுற்றுலாச் சங்கம் என்று பெயர் பூண்ட ஸ்தாபனம், செங்குத்தான இறக்கங்களின் தலைப்பில் தன் செலவில் எச்சரிக்கைப் பலகைகளை நட்டது; அமெரிக்காவில் 1880இல் அமைந்த சைக்கிளோட்டிகள் கழகம் நல்ல சாலைகளுக்காகக் கிளர்ச்சி செய்து, அதற்கென 1892 முதல் ஒரு பத்திரிகையும் நடத்தியது. அவர்கள் கேட்டு வாங்கிய சாலைகளில் பின்னர் மோட்டார்கள் வந்து அவர்களையே ஓரத்துக்குத் தள்ளின என்பது சரித்திரத்தின் குறும்பு. நெதர்லாந்தில் 1971இல் சாலை விபத்துகளில் 400க்கு மேற்பட்ட குழந்தைகள் மாண்டதையடுத்து எழுந்த பெற்றோர் கிளர்ச்சியும், 1975இல் அமைந்த சைக்கிளோட்டிகள் சங்கமும் சேர்ந்து அந்நாட்டுத் தெருக்களின் அமைப்பையே மாற்றுவித்தன. அங்கே யாரும் யாருக்கும் சைக்கிள் தானம் செய்யவில்லை. ஆயினும் சைக்கிளுக்குக் கிடைத்த மிகப் பெரிய கொடை அதுவே என்று வாதிக்க இடமுண்டு.

இந்தியாவில் 2022இல் மாத்திரம் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் மாண்டனர். இந்நிலையில் ஒரு பெண்ணுக்குச் சைக்கிள் கொடுத்து, பஸ்ஸும் லாரியும் நெருக்கும் குறுகிய சாலையில் இறக்கிவிடுவது முழுத் தர்மமாகுமா என்ற நான்காம் கட்சியாரின் கேள்விக்கு ஏனையோர் தக்க விடை கூறியதாகத் தெரியவில்லை. 2006ஆம் ஆண்டுத் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை, வண்டிகளைவிட மனிதர்கள் நகர்வதே முக்கியம் என்று ஒப்புக்கொண்டுவிட்டது. நாட்பாக் என்னும் போக்குவரத்து ஆராய்ச்சி மையம் 1976 முதல் திருவனந்தபுரத்திலேயே இருக்கிறது. ஆகவே அறிவுக்கும் கொள்கைக்கும் இங்கே பஞ்சமில்லை. பஞ்சம் கேட்பவர்களுக்கே. ஆனால் கேட்பவர் யார் என்பதும் முக்கியம். விடியற்காலையில் காலி சாலையில் வேகமாகப் போகிறவருக்கு வேண்டிய பாதையும், மாலை ஆறு மணிக்குச் சாலை என்ற பெயருடைய கடைத்தெருவில் சரக்கு ஏற்றிக்கொண்டு போகும் கடைப்பையனுக்கு வேண்டிய வழியும் ஒன்றாக இருப்பதில்லை. சங்கம் தன் உறுப்பினருக்காகக் கேட்டால் பழைய ஊட்டுப்புரை ஆட்சேபணை இங்கே முழு வலிமையோடு திரும்பி வரும். கடைப்பையனுக்காகக் கேட்டால் வராது. தவிரவும், மனு எழுதுவதற்கும் போக்குவரத்தை எண்ணுவதற்கும் பணம் கொடுத்தவருக்குப் புகைப்படம் கிடைக்காது. பலன் பத்தாண்டு கழித்து வரலாம், வராமலும் போகலாம்.

சட்டம் சொல்வது

பழைய திருவிதாங்கூர்ப் பகுதியில் சங்கங்கள் பெரும்பாலும் 1955ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர்-கொச்சி இலக்கிய, விஞ்ஞான, தர்ம சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவாகின்றன. ஏழைகளுக்கு உதவி, கல்வி, சுற்றுச்சூழல் பாதுகாப்பு முதலியவற்றோடு பொதுமக்களுக்குப் பயன்படும் ஏனைய காரியங்களையும் வருமானவரிச் சட்டம் தர்மமாக ஏற்கிறது. உறுப்பினரின் சொந்தப் பொழுதுபோக்கு அதில் அடங்காது. மேற்சொன்ன இங்கிலாந்துச் சைக்கிள் சுற்றுலாச் சங்கம் உறுப்பினர் சங்கமாயிருந்த நிலையை விட்டு 2012இல் தர்ம ஸ்தாபனமாக மாறியபோது, சந்தாக்காரரின் நலம் பின்தள்ளப்படும் என்று அதன் உறுப்பினரில் ஒரு சாரார் எதிர்த்தனர். இந்தியக் கம்பெனிகள் சட்டம் 2013, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட கம்பெனிகள் லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடக் கட்டளையிட்டபின், 1990இல் தொடங்கிய கழக்கூட்டத்து டெக்னோபார்க் என்னும் தொழில்நுட்பக் கம்பெனிகளின் வளாகத்தை அருகில் உடைய நகரத்தில், சங்கங்களுக்கு வெளியிலிருந்து பணம் வரும் வழியும் திறந்திருக்கிறது. எண்ணிக் காட்டத்தக்க காரியத்தையே கம்பெனிப் பணம் விரும்பும். ஆகவே அது நாடுவது பெரும்பாலும் இரண்டாம் கட்சியையே.

தீராதவை

நான்கு கட்சிகளையும் சீர்தூக்கும்போது, சான்றின் பலம் ஒரு பக்கமும், இவ்வூருக்குப் பொருந்தும் தன்மை மறுபக்கமும் இருப்பதைக் காண்கிறோம். வண்டி கொடுப்பதற்கு உறுதியான சான்று உண்டு, ஆனால் அது தொலைவும் சமதரையும் கூடிய இடங்களின் சான்று. கற்பிப்பதும் சாலை கேட்பதும் திருவனந்தபுரத்துக்கு ஏற்றவையாகத் தோன்றினும், அவற்றின் பலனை அளந்தவர் குறைவு. சங்கத்துக்கே உரிய திறமை எங்கே செலவாகிறதோ அங்கே அதன் ரூபாய் அதிகம் வேலை செய்யும் என்பதை ஒப்புக்கொண்டால், பெருந்துயர் நேரும் காலங்கள் தவிர ஏனைய காலத்தில் சைக்கிள் சங்கம் சைக்கிள் காரியத்துக்குக் கொடுப்பதைக் குறை சொல்ல நியாயம் இல்லை. ஆனால் அக்காரியத்தின் பயன் உறுப்பினர் வட்டத்துக்கு வெளியே போய்ச் சேர வேண்டும் என்ற நிபந்தனையை விட்டுவிட முடியாது.

நான்கு கட்சியாரும் அதிகம் பேசாத ஒன்று பஞ்சர் கடை. வண்டி இருப்பினும், ஓட்டத் தெரிந்திருப்பினும், சாலை நன்றாயிருப்பினும், டியூப் ஒட்டவும் பிரேக் கட்டை மாற்றவும் நடைதூரத்தில் ஓர் ஆள் இல்லையேல் வண்டி திண்ணையில் சாய்ந்துவிடும். மோட்டார் சைக்கிள் பெருகப் பெருக அத்தகைய கடைகள் அதற்கே திரும்பிவிட்டன. ஆப்பிரிக்காவில் எருமைச் சைக்கிள்களோடு பயிற்சி பெற்ற மெக்கானிக்குகளையும் சேர்த்தே ஏற்பாடு செய்ததை நோக்கினால், அங்கே கண்ட பலனில் எவ்வளவு வண்டியைச் சேர்ந்தது, எவ்வளவு மெக்கானிக்கைச் சேர்ந்தது என்று பிரித்தறிய வேண்டியிருக்கிறது.

இன்னொன்று, திருவனந்தபுரத்துக்கு மிக அருகிலேயே ஆராயத்தக்கது. 1956 நவம்பர் 1 வரை கன்னியாகுமரிப் பகுதியும் திருவிதாங்கூரின், பின்பு திருவிதாங்கூர்-கொச்சியின் அங்கமாகவே இருந்தது. இன்று களியக்காவிளையில் படிக்கும் பதினோராம் வகுப்புப் பிள்ளைக்கு அரசு சைக்கிள் உண்டு, சில கிலோமீட்டருக்கு அப்பால் பாறசாலையில் படிக்கும் பிள்ளைக்கு அந்தத் திட்டம் இல்லை. மழையும் மேடுபள்ளமும் இரு பக்கமும் ஒன்றே. மொழியும் பெருமளவு கலந்தது. இருபுறத்துப் பள்ளிகளின் வருகைப் பதிவேடுகளையும், இருபுறத்துத் திண்ணைகளில் சாய்ந்து கிடக்கும் வண்டிகளின் எண்ணிக்கையையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வேலைக்கு ஆகும் செலவு சில டஜன் சைக்கிள்களின் விலையைத் தாண்டாது. அடுத்த பத்தாண்டுக்குத் தன் பணத்தை எதில் இடுவது என்று தீர்மானிக்க விரும்பும் ஒரு சங்கம் முதலில் அதற்குச் செலவிடுமானால், இரண்டாம் கட்சிக்கும் மூன்றாம் கட்சிக்கும் இடையே உள்ள வழக்கில் ஒரு பகுதியாவது இவ்வூர் மண்ணிலிருந்தே எடுத்த சான்றைக் கொண்டு பேசப்படும்.